காலி இடம் என்று எழுதியவர்களுக்கு

கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு வரைபடம் தயாரித்து, அதை ஒப்புதலுக்கு அனுப்பவிருக்கும் அதிகாரிகளுக்கும் நிபுணர் குழுவினருக்கும்,

நீங்கள் வெளியிட்ட வரைவுப் படத்தில் எங்கள் ஊரின் கிழக்குக் கரை முழுக்க வெளிர் மஞ்சளாக இருக்கிறது. ஓரத்தில் கொடுத்திருக்கும் நிற விளக்கத்தைப் பார்த்தால், மஞ்சள் என்றால் மணல்வெளி. அந்த மணல்வெளியில்தான் எங்கள் நாட்டுப்படகுகளான வத்தைகளும் வல்லங்களும் ஏறிக் கிடக்கின்றன. கருவாடு காய்கிறது. கரைவலைக்காரர்கள் கயிறு பிடிக்கிற இடம் இருக்கிறது. கோடையில் பெண்கள் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் மொள்ளுகிற ஊற்று இருக்கிறது. இதில் ஒன்றுகூட உங்கள் படத்தில் இல்லை. ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். வந்த பதில் ஒரே வரி: ஆட்சேபணை குறித்துக்கொள்ளப்பட்டது. எங்கே குறித்துக்கொண்டீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். படத்தில் குறிக்கவில்லை.

நான் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே ஒரு கடலோர ஊரில் பிறந்து, இதே கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். அப்பா கரைவலை இழுத்தவர், அம்மா கருவாடு போட்டவர். வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள் சொல்லும் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் எனக்குச் சம்பளம் வருகிற வேலை.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களைக் கூப்பிட்டீர்கள். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் படத்தை ஒட்டியிருந்தீர்கள், எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில். கண்ணாடி போடாத ஓர் ஆத்தா படத்துக்குக் கிட்டே போய், எங்கள் மாதா கோயிலின் சிலுவைக் குறியை விரலால் தேடிப் பிடித்தார். அங்கிருந்து விரலைக் கடல் பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்தார். மஞ்சளில் வந்ததும் நிறுத்திவிட்டார். “ஏன் சார், எங்க கருவாட்டுக் களம் இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார். “சாட்டிலைட்டுல என்ன தெரியுதோ அதுதாம்மா படத்துல வரும்” என்றார் உங்கள் அலுவலர். “அப்ப நாங்க இல்லாத நேரமாப் பாத்து எடுத்துருக்கீக” என்றார் ஆத்தா. மண்டபமே சிரித்தது. உங்கள் அலுவலரும் சிரித்தார், நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஆத்தா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பாக் விரிகுடாவை நாங்கள் வடகடல் என்போம். எங்கள் வடகடலில் ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று. அலை ஏறி அடிக்கும். அப்போது படகுகளைத் தண்ணீரில் விட்டால் காலையில் பலகைதான் மிஞ்சும். ஊரே சேர்ந்து மேட்டுக்கு, பனை வரிசை வரைக்கும் இழுத்துப் போடுவோம். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் இந்தப் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அப்போது படகுகள் கரையைவிட்டுத் தள்ளி, ஆழமில்லாத தண்ணீரில் நங்கூரத்தில் நிற்கும். மேட்டில் ஒன்றும் இருக்காது. சரி, செயற்கைக்கோள் படத்தை எந்த மாதத்தில் எடுப்பீர்கள்? மேகமில்லாத நாளாகப் பார்த்துத்தானே எடுப்பீர்கள். வாடைக் காலத்தில் எங்கள் வானத்தில் மேகமில்லாத நாள் அபூர்வம். ஆகவே மேடு காலியாக இருக்கிற பருவம்தான் உங்கள் படத்தில் பதியும். கடல் தண்ணீர் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோடு எங்கே வருகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு பருவத்தைப் பார்த்து வருஷம் முழுவதற்கும் கோடு போட்டிருக்கிறீர்கள்.

கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்போம். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும், கடற்கரைக்கு உலாவ வருகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கோஷ்டி பிடித்துக்கொள்ளும். முதலில் இரண்டு கோஷ்டியும் வெகுதூரம் தள்ளித் தள்ளி நிற்கும். இழுக்க இழுக்க ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். மீன் சேரும் வலையின் மடி கரையேறும்போது இரண்டு பக்கத்தாரும் தோளோடு தோள் நிற்பார்கள். இந்த நடைக்கு நடுவில் ஒரு முளைக்குச்சி இருந்தாலும் கயிறு மாட்டும். ஒரு சிமெண்டுப் பெஞ்சு போட்டால் அந்தப் பாடு அன்றோடு முடிந்தது. அந்த இடம் காலியாக இருந்தால்தான் எங்களுக்குத் தொழில். யாரும் பயன்படுத்தாத இடம் என்று உங்களுக்குத் தெரிவது, எங்களுக்குப் படகும் வலையும் போல ஒரு தொழில் கருவி.

வகுப்பில் ஆப்பிரிக்கக் கண்டம் வரும்போது நான் பழைய வரைபடங்களின் நகல்களை வரிசையாகச் சுவரில் மாட்டுவேன். உங்கள் மஞ்சளைப் பார்த்த அன்று எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது. ஒரு கண்டத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள் காலத்துக்குக் காலம் எப்படிப் பார்த்தார்கள் என்று அதில் அப்படியே தெரியும்.

முதலில் 1154இல் சிசிலி அரசர் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி தயாரித்த படம். அதில் தெற்கு மேலே இருக்கும். தலைகீழாக மாட்டிட்டீங்க டீச்சர் என்று வருஷா வருஷம் யாராவது கத்துவார்கள். அடுத்தது 1375 வாக்கில் மயோர்க்கா தீவில் வரைந்த கத்தலான் அட்லஸ். அதில் சகாராவின் தெற்கே மாலி அரசர் மன்சா மூசா கிரீடம் வைத்து உட்கார்ந்திருக்கிறார், கையில் தங்க உருண்டை. அவரை நோக்கி ஒட்டகத்தில் ஓர் ஆள் வருகிறார். மன்சா மூசா 1324இல் மக்கா யாத்திரைக்குப் போகிற வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தைப் பற்றிய பேச்சு கடல் தாண்டிப் போய், அரை நூற்றாண்டு கழித்து அங்கே படமாகியிருக்கிறது. போய் வந்த வியாபாரிகள் சொன்ன செய்தி இல்லாமல் அந்தப் படம் வந்திருக்காது. அதனால்தான் அரசர், ஊர், பாதை எல்லாம் அதில் இருக்கின்றன.

அப்புறம் வந்தவர்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். உள்நாட்டில் தெரியாத இடங்களில் யானையையும் சிங்கத்தையும் வரைந்து நிரப்பினார்கள். 1749இல் பிரான்சின் வரைபடக்காரர் தான்வில் இந்த ஜோடனையையெல்லாம் அழித்தார். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெள்ளையாக விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவது நேர்மையான காரியம். கெடுதல் செய்தவர்கள் அந்த வெள்ளையைப் படித்தவர்கள். தெரியாத இடம் என்பதை ஆளில்லாத இடம் என்று படித்தார்கள். 1884 நவம்பரில் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசப் பெர்லினில் மாநாடு கூடியது. 1885 பிப்ரவரி வரை நடந்தது. கூட்டம் நடந்த அறையின் சுவரில் பெரிய ஆப்பிரிக்கப் படம் தொங்கியது. 14 நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கண்டத்தில் அடிகோல் வைத்துக் கிழித்த மாதிரி எல்லைகள் வந்ததை இன்றைக்கும் எந்த அட்லஸிலும் பார்க்கலாம்.

எங்கள் கரையைப் பொறுத்தவரை தான்வில் செய்ததைக்கூட நீங்கள் செய்யவில்லை. வெள்ளையாக விட்டிருந்தால், சரி, இன்னும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். விசாரிக்க வாருங்கள் என்று கூப்பிட்டிருப்போம். நீங்கள் மஞ்சள் அடித்திருக்கிறீர்கள். விசாரித்தாயிற்று, இங்கே மணலைத் தவிர ஒன்றுமில்லை என்று அந்த நிறம் சொல்கிறது.

இல்லாததை வரைந்த கதையும் உண்டு, அதில் எங்கள் கடலுக்கும் பங்கு இருக்கிறது. ஜேம்ஸ் ரென்னல் 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனவர். அதற்கு முன், இருபதை ஒட்டிய வயதில், இந்தப் பாம்பன் வழியையும் பாக் நீரிணையையும் கப்பலிலிருந்து அளந்தவர். அளவையில் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. அதே ரென்னல் 1798இல் லண்டனில் உட்கார்ந்து, அங்கே போய் வந்த மங்கோ பார்க் என்பவரின் பயணக் குறிப்புகளை வைத்து மேற்கு ஆப்பிரிக்காவின் படத்தை வரைந்தார். அதில் கிழக்கு மேற்காக நீளமான ஒரு மலைத்தொடரைப் போட்டு, கோங் மலைகள் என்று பெயர் எழுதினார். அப்படி ஒரு மலைத்தொடரே கிடையாது. பெரிய மனிதர் போட்ட கோடு என்று அடுத்தடுத்து வந்தவர்கள் நகலெடுத்தார்கள், சிலர் இழுத்து நீட்டவும் செய்தார்கள். 1887 முதல் 1889 வரை பேன்ஜே என்ற பிரெஞ்சு அதிகாரி அந்த வழியே போய்ப் பார்த்து, மலையுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லும் வரை ஏறக்குறைய 90 ஆண்டுகள் அந்த மலை படங்களில் நின்றது. ஒரு முறை அச்சில் ஏறிய தப்பை இறக்குவது அவ்வளவு கஷ்டம். இப்போதே திருத்துங்கள் என்று நாங்கள் அவசரப்படுவது அதனால்தான். ஒப்புதல் முத்திரை விழுந்த பிறகு உங்கள் மஞ்சளை நாளைக்கு வேறு ஏதோ துறை நகலெடுக்கும், அதற்கடுத்த நாள் இன்னொன்று எடுக்கும்.

இன்னும் பின்னால் போனால் புவியியலாளர் தாலமி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்தவர். அவர் தந்த இட விவரங்களை வைத்துப் பின்னாளில் வரைந்த படங்களைப் பார்த்தால் இந்தியா என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். தீபகற்பமே இல்லை, தெற்குக் கரை தட்டையாகக் கிடக்கும். பக்கத்தில் இலங்கை ஒரு கண்டம் போலப் பெருத்திருக்கும். அவர் இங்கே வந்தவரல்ல. ஆனால் மாலுமிகளும் வியாபாரிகளும் சொன்னதை எழுதிவைத்தார். அதனால் கொற்கை அவர் கணக்கில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பது இருக்கிறது. கோரி என்று ஒரு தீவு இருக்கிறது. அது ராமேஸ்வரம் பக்கம்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. கரையின் வடிவம் அவருக்குத் தப்பிவிட்டது, கரையில் நடந்த தொழில் தப்பவில்லை. உங்கள் படத்தில் கரையின் வளைவு நெளிவெல்லாம் மீட்டர் சுத்தமாக இருக்கிறது, தொழிலைத்தான் காணவில்லை. எங்கோ ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தவர் விசாரித்த அளவுக்கு, இரண்டு மணி நேர ஜீப் பயணத்தில் இருக்கிற நீங்கள் விசாரிக்கவில்லை என்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

இது வெறும் படத்தோடு போகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இந்த மாவட்டத்தில் கோடு போட்ட பிறகு என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறோம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே கரைவலை இழுத்தவர்கள் திரும்பிப் போய்க் குடிசை போட்டு இழுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் ஏட்டில் இல்லாதவர்கள் என்பதால் அவர்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் எப்போதும் பிறகு பார்க்கலாம் பட்டியலில்தான். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளப்பாறையைக் காக்க வேண்டும், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. பாறையை வெட்டி எடுத்ததில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு இன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. ஆனால் அதே கோட்டால், தலைமுறையாகத் தீவுப் பக்கம் மரிக்கொழுந்து என்ற கடற்பாசி எடுக்கப் போன பாம்பன், சின்னப்பாலத்துப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். துணி சுற்றிய விரலோடு பாறை இடுக்கில் கை விட்டுப் பாசி எடுக்கிறவர்கள் அவர்கள். மாதத்தில் 12 நாள் போனால் போதும், பாசி வளரட்டும் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தான். கோடு போடும் முன் அவர்களைக் கேட்டிருந்தால் பூங்காவுக்கும் லாபமாக இருந்திருக்கும்.

இப்போது எங்கள் முறை. உங்கள் வரைவு வெளிவந்த சில வாரங்களுக்குள் காரில் வந்த சிலர் எங்கள் கருவாட்டுக் களத்தில் டேப் பிடித்து அளந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, கைபேசியில் உங்கள் படத்தைத்தான் காட்டினார்கள். காலி இடம்தானே, படத்திலேயே இருக்கிறதே என்றார்கள். ஒன்றிய அரசின் 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை கடற்கரையில் உயர் அலைக் கோட்டுக்குப் பத்து மீட்டர் தள்ளித் தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அனுமதிக்கிறது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161க்கு மேல் இருக்கும் கிராமப் பகுதிகளில், கட்டுமானம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கிறது. இந்த நிலையில் எங்கள் களமும் பாடும் படகு ஏற்றும் மேடும் படத்தில் இல்லையென்றால், நாளைக்கு எந்த அதிகாரியிடம் போய் எதைக் காட்டி வாதாடுவோம்? அந்த இடங்களுக்குப் பட்டா கிடையாது. எல்லாம் புறம்போக்கு. ஊர்ப் பழக்கம் ஒன்றுதான் எங்கள் பத்திரம்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை சொல்வதைத்தான் கேட்கிறோம். மீனவக் குடியிருப்புகள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், மீன் காயப்போடும் இடங்கள் இவற்றையெல்லாம் கிராம அளவிலான படத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்லிவிட்டது. அதற்கான அளவு 1:3960 அல்லது அதை ஒட்டியது. நீங்கள் மண்டபத்தில் ஒட்டியது 1:25,000 படம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். நூறு மீட்டர் நீளமுள்ள எங்கள் களம் அதில் நாலு மில்லிமீட்டர்தான் வரும், அரிசி மணியைவிடச் சின்னது. அந்த ஆத்தாவின் விரல் நுனிக்கு அடியிலேயே அது மறைந்துபோகும். 1:3960 படத்தில் அதே களம் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும், பெயரே எழுதலாம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. எங்கள் ஊரையும் இந்தக் கரையின் மற்ற ஊர்களையும் 1:3960 அளவில், தமிழில், வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களோடு வரைந்து முடிக்கும் வரை இப்போதைய வரைவை ஒப்புதலுக்கு அனுப்பாதீர்கள். அந்தப் படத்துக்காகக் குழு ஒன்றைக் கரைக்கு அனுப்புங்கள். ஒரு முறை போதாது: கச்சானில் ஒரு முறை, வாடையில் ஒரு முறை வர வேண்டும். கரைவலைக்காரர்களும், நாட்டுப்படகுக்காரர்களும், கருவாடு போடும் பெண்களும் கூட நடந்து இடங்களைக் காட்டுவார்கள். பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், கலந்த கூட்டத்தில் ஊற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். படகு ஏற்றும் மேடு, வலை உணத்தும் இடம், கருவாட்டுக் களம், கரைவலைப் பாடுகள், ஊற்று, கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் எல்லாவற்றையும் மீனவர் பொது இடம் என்று குறித்து, பருவத்துக்கு மட்டும் பயன்படுகிறவற்றுக்குத் தனி அடையாளம் கொடுங்கள். உயர் அலைக் கோட்டுக்கு எந்த மாதத்துப் படத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்று படத்திலேயே தேதி போடுங்கள். நேரில் போய்ச் சரிபார்க்காத பகுதிக்கு மஞ்சள் அடிக்காமல் வெள்ளையாக விட்டு, சரிபார்க்கவில்லை என்று எழுதுங்கள்.

அடுத்த கருத்துக் கேட்பை வட்டத் தலைநகரின் கல்யாண மண்டபத்தில் வைக்காமல் அந்தந்த ஊரில் வையுங்கள். படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள். எந்த நாள் என்று ஊர்த் தலைவரைக் கேட்டால் சொல்வார். ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை இந்த வரைவைக் காட்டி யாரும் கரையில் அளக்கவோ அனுமதி கேட்கவோ முடியாது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அதற்கு உங்களுக்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.

என் வகுப்புப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுக் கையால் வரைந்த ஒரு கரைப் படம் எங்களிடம் இருக்கிறது. அளவு சுத்தமாக இருக்காது. பாடுகளும் ஊற்றும் பனை வரிசையும் அதில் இருக்கின்றன. அதன் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எது எங்கே என்று தெரியாவிட்டால் வாருங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். வருகிற ஐப்பசிக்கு முன் முதல் நடையை முடித்துவிடலாம். என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள், தமிழில்.

இப்படிக்கு,
வடகடல் கரையில் ஒரு சமூக அறிவியல் ஆசிரியை